மூன்றாம் ஓலை

பியூலா: அழுத்தாதீங்க, தொடுங்க. கதவு பெல்லா இது, அழுத்துறதுக்கு?

தனசிங்: தொட்டேனே. ஒண்ணும் ஆகல.

பியூலா: நீங்க தொட்டது மேஜையை.

தனசிங்: ...கை வழுக்கிடுச்சு. கண்ணாடியில செஞ்சு வச்சா வழுக்காம என்ன செய்யும். பியூலா, ஒண்ணு கேக்கறேன், கோபப்படாம பதில் சொல்லு.

பியூலா: சாப்பிட்டு எழுந்ததுலேர்ந்து கோபத்துலதான் இருக்கேன். கேளுங்க.

தனசிங்: உன்கிட்ட ஒரு போன் இருக்கு. என்கிட்ட ஒரு பட்டன் போன் இருக்கு. உள்ள உன் பொண்ணு லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ கையில கட்டியிருக்கிற வாட்ச் கூட போன் வந்தா அதிருது. இத்தனைக்கும் மேல நம்ம பையன் ஜெஃப்ரி அனுப்பினான்னு இந்தப் பலகை எதுக்கு?

பியூலா: பலகை இல்ல. டேப்லெட்.

தனசிங்: எதுவா வேணா இருக்கட்டும். எதுக்கு?

பியூலா: காதைக் குடுங்க, கடைசியா சொல்றேன். போன் பேசறதுக்கு. லேப்டாப் உக்காந்து வேலை பாக்கறதுக்கு, அதைத் தூக்கிட்டுப் போய் சர்ச்சுல நிக்க முடியாது. வாட்ச்... அது ஜோவிதா எவ்வளவு நடந்தான்னு அவளுக்கே சொல்றதுக்கு. இது இருக்கே, இது நின்னுக்கிட்டே கையில வச்சுப் படிக்கறதுக்கு. போனை விடப் பெரிசு, லேப்டாப்பை விட லேசு. எங்க காலேஜ் ஆபீஸ்ல இப்ப பியூன் கூட இதுலதான் கையெழுத்து வாங்கறாரு.

தனசிங்: நின்னுக்கிட்டே படிக்கறதுக்குத்தான் பேப்பர்னு ஒண்ணு இருக்கே.

பியூலா: அந்தப் பேப்பரை வச்சுத்தான் போன ஞாயிறு நம்ம பொண்ணை ஆஸ்டினுக்குக் கட்டி வச்சீங்க.

தனசிங்: ஃபேன் காத்து. பேப்பர் மடங்கிடுச்சு. சபை முழுக்கச் சொல்லியாச்சு.

பியூலா: கல்யாண ஓலையை மூணு ஞாயிறு எதுக்கு வாசிக்கறாங்க? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு சபையைக் கேக்கறதுக்கு. நான் பொறந்ததுலேர்ந்து ஓலை கேக்கறேன், ஒருத்தர் எழுந்து நின்னு பார்த்ததில்ல. சபைச் செயலாளர் தனசிங் வாசிச்சாரு, மாப்பிள்ளையே எழுந்து நின்னாரு.

தனசிங்: பிராங்கிளின் தங்கமான பையன். சிரிச்சுக்கிட்டேதான் எழுந்தான்.

பியூலா: அவர் சிரிச்சாரு. அவங்கம்மா சிரிக்கல. ஊரப்பாக்கத்துலேர்ந்து தினம் போன். ‘சம்பந்தி, அந்த ஆஸ்டின் யாரு?’ன்னு. எங்க சர்ச்சுல கீபோர்டு வாசிக்கற பையன்னு சொன்னா, ‘ஓஹோ, வாராவாரம் பாக்கற பையனா’ங்கறாங்க. அவன் கட்டிக்கப்போற ஸ்நேகா என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கறா.

தனசிங்: அதெல்லாம் மறந்துடுவாங்க.

பியூலா: நாளைக்கு மூணாவது ஓலை. கடைசி ஓலை. காலையில ஆயர் போன் பண்ணாரு.

தனசிங்: என்னவாம்?

பியூலா: ‘சாருக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல இருக்கும், இந்த வாரம் வேற யாராவது வாசிக்கட்டுமே’ன்னாரு.

தனசிங்: ...நீ என்ன சொன்ன?

பியூலா: இனிமே பேப்பர் இல்லைங்கய்யா, டேப்லெட்ல வச்சு வாசிப்பாரு, தப்பு வராதுன்னு சொல்லியிருக்கேன். அவரும் சரின்னுட்டு அறிவிப்பு மொத்தத்தையும் எனக்கு அனுப்பிட்டாரு. சாயங்காலம் யார் வாசிக்கறதுன்னு அவருக்கு உறுதியா சொல்லணும்.

தனசிங்: நான்தான் வாசிப்பேன். இதுல உறுதி என்ன. ஜெஃப்ரி கல்யாணத்துக்கு நான் வாசிச்சேன். என் பொண்ணு பேரை என் வாயால சொல்லணும் பியூலா. அதை இன்னொருத்தன் சொல்ல நான் கீழ உக்காந்து கேக்கணுமா?

பியூலா: அப்ப தொடுங்க.

தனசிங்: எங்க?

பியூலா: அட, பேசிக்கிட்டே இருந்ததுல அணைஞ்சே போச்சு பாருங்க. கை படாம சும்மா விட்டா இது தானா தூங்கிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்கறதுக்கு. இங்க ஓரத்துல ஒரு பட்டன் இருக்கு, விரலைக் குடுங்க. இதோ. அழுத்துங்க.

தனசிங்: இப்ப அழுத்தலாமா?

பியூலா: இதை மட்டும் அழுத்தலாம்.

தனசிங்: ஒரே சாமான்ல ஒரு இடத்தைத் தொடணும், ஒரு இடத்தை அழுத்தணும். ஸ்டேஷன் மைக்குக்கு ஒரே சுவிட்சு. போட்டா பேசும், நிறுத்தினா நிக்கும். தாம்பரம் ஸ்டேஷன்ல நான் உக்காந்திருந்த காலத்துல ஒரு வண்டியைத் தப்பா சொல்லியிருக்கேனா? கேட்டுப் பாரு. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில்...

பியூலா: பரனூர், செங்கல்பட்டு. எனக்கே மனப்பாடம், தூக்கத்துல சொல்லுவீங்க. ஸ்டேஷன் இடம் மாறாதுங்க. ஓலையில பேரு வாராவாரம் மாறும். இப்ப இந்த ஒரு விரலால மேலேர்ந்து... மேல... எங்க இழுக்கறீங்க?

தனசிங்: நீதான் மேலன்னு சொன்ன.

பியூலா: வேற என்னமோ திறந்துடுச்சு. கேமரா. 

தனசிங்: யாரு இந்தக் கிழவன், நம்ம வீட்டுக்குள்ள?

பியூலா: நல்லாப் பாருங்க. நீங்கதான்.

தனசிங்: தெரியுது, தெரியுது. சும்மா கேட்டேன்.

பியூலா: போன மாசம் மார்க்கெட்ல பக்கத்து வீட்டு பட்டு அக்காகிட்ட போய் ‘பியூலா, வா போலாம்’னு கூப்பிட்டீங்களே, அப்பவும் சும்மாதான் கூப்பிட்டீங்க.

தனசிங்: அவ உன் புடவை கலர்லயே கட்டியிருந்தா. அதுக்கு நான் என்ன செய்யறது. அவளும் வந்திருப்பா, காய்ப்பை கனமா இருந்துச்சு.

பியூலா: சிரிப்பு காட்டாதீங்க. கேமராவை மூடிட்டேன், இதோ ஓலை. ரெண்டு விரல். கட்டை விரல், ஆள்காட்டி விரல். எழுத்து மேல வச்சு விரிங்க. ஆங்... இன்னும் விரிங்க.

தனசிங்: ...ஏய். இது... இது வளருதே.

பியூலா: எவ்வளவு வேணும்னாலும் வளரும்.

தனசிங்: பேப்பர்ல இது முடியாது இல்ல?

பியூலா: பேப்பரை விரிச்சா கிழியும்.

தனசிங்: ம்... இருந்தாலும் இவ்வளவு பெரிசு எதுக்கு. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க. சின்னதாக்கு.

பியூலா: இருக்கட்டும். அது உங்களுக்கு இல்ல, எனக்கு. என் கண்ணாடி உடைஞ்சு போச்சு. சொல்லிக் குடுக்கற எனக்குத் தெரிய வேணாமா?

தனசிங்: ஓ, உனக்கா. பாவம். அப்ப இருக்கட்டும்.

ஜோவிதா: என்னப்பா இது, ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியுது? கேளம்பாக்கம் ரோட்டுல வைக்கற போர்டு மாதிரி இருக்கு.

தனசிங்: உங்கம்மாவுக்குக் கண்ணாடி உடைஞ்சு போச்சாம்மா.

ஜோவிதா: எப்போ? நேத்து என் ரவிக்கைக்கு ஊக்கு தைக்கறப்ப ஊசியில நூலை ஒரே தடவையில கோத்தியேம்மா.

பியூலா: இன்னிக்குக் காலையில உடைஞ்சுது. உனக்கு ஆபீஸ் கால் வரும், உள்ள போ.

ஜோவிதா: சனிக்கிழமை ஏதும்மா கால்? ஆமா, அண்ணன் இதை எப்ப அனுப்பினான்? நேத்து கூட அவன்கிட்ட பேசினேன், ஒண்ணுமே சொல்லல.

பியூலா: எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வானா? போய்க் காபி போடு.

ஜோவிதா: சரி சரி. அப்பா, நாளைக்கு என் பேருக்கு அப்புறம் பிராங்கிளின். பி-ல ஆரம்பிக்கும். ஞாபகம் வச்சுக்கோங்க.

தனசிங்: நீயுமா?

ஜோவிதா: நான் சிரிச்சுட்டேம்பா. அவங்கம்மாவைச் சிரிக்க வைக்கறதுதான் கஷ்டம். வழக்கம்போல நான் அறிவிப்பை ஒரு தடவை படிச்சுக் காட்டட்டுமா? சனிக்கிழமை ஆச்சே, எழுத்துப்பிழை பார்க்கணும்பீங்களே.

பியூலா: வேணாம். இந்த வாரம் யாரும் படிச்சுக் காட்ட வேணாம். காபி.

தனசிங்: அவ ஆசையா கேக்கறா, படிக்கட்டுமே. பிழை இருந்தா...

பியூலா: பிழையெல்லாம் நான் பார்த்துட்டேன்.

தனசிங்: கண்ணாடி இல்லாமயா?

பியூலா: ...பெரிசாக்கிப் பார்த்தேன். எழுந்து நின்னு வாசிங்க, கேக்கறேன்.

தனசிங்: இரு, அவசரம் என்ன. நாளைக்கு எப்படிப் போறோம்? ஸ்கூட்டரைத் துடைச்சு வைக்கவா? மாசக்கணக்கா தூசி படிஞ்சு நிக்குது.

பியூலா: ஆட்டோ சொல்லிட்டேன். சிட்டிபாபு எட்டு மணிக்கு வாசல்ல நிப்பாரு. கேம்ப் ரோடு பள்ளத்துல ஸ்கூட்டர்ல உக்காந்தா என் முதுகு போயிடும்.

தனசிங்: உனக்கு முதுகு வலி வந்தாலும் வந்துச்சு, ஸ்கூட்டர் துருப்பிடிக்குது. மாடிப்படி ஓரத்துக்கெல்லாம் மஞ்சப் பெயிண்ட் அடிக்க வச்சியே, அப்பவே நினைச்சேன். வீட்டை பிளாட்பாரமா ஆக்கிட்டா நான் எங்கயும் போகாம இங்கயே இருப்பேன்னு.

பியூலா: கல்யாண வீடு, பளிச்சுனு இருக்கட்டும்னு அடிச்சது.

தனசிங்: எல்லாரும் சுண்ணாம்பு அடிப்பாங்க. இவ படிக்குக் கோடு போடறா.

பியூலா: பேச்சை மாத்தாதீங்க. வாசிங்க.

தனசிங்: தொண்டை கட்டியிருக்கு. காபி வரட்டும்.

பியூலா: சரி, அதுவரைக்கும் இன்னொண்ணு காட்டறேன். இந்த மூலையில ஒலிபெருக்கி மாதிரி ஒரு படம் இருக்கு பாருங்க. அதைத் தொட்டா எழுதினதை இதுவே வாசிக்கும். கேளுங்க.

தனசிங்: ...நிறுத்து. நிறுத்து பியூலா. 

பியூலா: ஏன்?

தனசிங்: இவளை எனக்குத் தெரியும். நான் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே மைக்கை எடுத்துட்டு இவளைத்தான் உக்கார வச்சாங்க. இவ இல்லைன்னா இவ தங்கச்சி. வண்டி வந்தாலும் ஒரே குரல், வண்டி ரத்தானாலும் ஒரே குரல். என் பொண்ணு ஓலையை இவ வாசிக்கறதா?

பியூலா: உங்களை விட்டுட்டு இது வாசிக்கட்டும்னு நான் சொன்னேனா? இப்படி ஒரு வசதி இருக்குன்னு காட்டினேன். செய்தி, கடிதம், மருந்துச் சீட்டு, எதையும் படிச்சுக் காட்டும். ஒரு நாளைக்கு உதவும்.

தனசிங்: யாருக்கு உதவும்?

பியூலா: யாருக்காவது.

தனசிங்: ...இன்னொரு தடவை போடு.

பியூலா: இப்பத்தானே நிறுத்துன்னீங்க?

தனசிங்: பேரையெல்லாம் எப்படிக் கொலை பண்றான்னு கேக்கறேன். முழுசா போடு. கடைசி வரைக்கும்.

பியூலா: ...போட்டாச்சு.

தனசிங்: ‘அறிந்தவர்கள்’ங்கற இடத்துல மூச்சே விட மாட்டேங்கறா. ம்... சரி. இப்ப குடு அந்தப் பலகையை. நான் காட்டறேன் எப்படி வாசிக்கறதுன்னு.

பியூலா: காபி வேணாமா?

தனசிங்: அப்புறம். நகரு. மூஞ்சிக்கு நேரா பிடிக்கணுமா?

பியூலா: உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி.

தனசிங்: ‘திருமண அறிவிப்பு. மூன்றாம் ஓலை. சேலையூர், தனசிங், பியூலா தம்பதியரின் குமாரத்தி ஜோவிதாவுக்கும், ஊரப்பாக்கம், காலம்சென்ற தேவசகாயம், அருள்மேரி தம்பதியரின் குமாரன் பிராங்கிளினுக்கும், விவாகம் நடத்த நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் இணைவதற்குத் தடை ஏதேனும் உண்டென அறிந்தவர்கள்... இப்போதே சபைக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இது மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பு.’ எப்படி?

பியூலா: நல்லா இருந்துச்சு.

தனசிங்: தப்பு உண்டா?

பியூலா: ஒரு எழுத்து தப்பில்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தனசிங்: பின்ன? ஆயருக்குப் போனைப் போடு. சார்தான் வாசிக்கறாருன்னு சொல்லிடு.

பியூலா: ஒண்ணே ஒண்ணுங்க.

தனசிங்: வேகமா போயிட்டேனா?

பியூலா: நீங்க ‘ஊரப்பாக்கம்’னு சொல்றப்பவே ஸ்கிரீன் அணைஞ்சு போச்சு. கை படாம விட்டா தூங்கிடும்னு சொன்னேன் இல்ல. பாதி ஓலையை நீங்க கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து வாசிச்சிருக்கீங்க.

தனசிங்: அது... ரயில்வே பழக்கம். ஒரு தடவை காதுல விழுந்தா மனசுல ஏறிடும்.

பியூலா: தெரியும். ஜோவிதா படிச்சுக் காட்டினாலும் ஏறும், இந்த மிஷின் படிச்சுக் காட்டினாலும் ஏறும். அதைக் கேக்கல. இருட்டா ஆனது உங்களுக்குத் தெரிஞ்சுதா இல்லையா?

தனசிங்: தெரிஞ்சுது.

பியூலா: அப்ப ஏன் நிறுத்தல? அணைஞ்சு போச்சு பியூலா, இந்தப் பட்டன் எங்கன்னு கேக்க வேண்டியதுதானே? எவ்வளவு நேரமா தொண்டை கிழியக் கத்தறேன்...

தனசிங்: பலகை அணைஞ்சுதுன்னு நினைக்கல.

பியூலா: பின்ன?

தனசிங்: என் கண்ணுதான் அணைஞ்சு போச்சுன்னு நினைச்சேன்.

பியூலா: ...என்னங்க.

தனசிங்: நிறுத்தினா நீ கண்டுபிடிச்சிடுவ. அதான் வாசிச்சுக்கிட்டே இருந்தேன்.

பியூலா: கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டா அவ்வளவு அழகா வாசிச்சீங்க? நீங்க மனுஷனா என்ன?

தனசிங்: கத்தாத, ஜோவிதா வந்துடுவா. உக்காரு. சொல்றேன். நடுவுல தெரியல பியூலா. எதை நேரா பார்க்கறேனோ அதை மட்டும் யாரோ கையால அழிச்சு வச்ச மாதிரி இருக்கு. சுத்தி ஓரமெல்லாம் தெரியுது. உன்னை நேரா பார்த்தா முகம் இல்ல. காது இருக்கு, கம்மல் இருக்கு, தலைமயிர் இருக்கு. போன ஞாயிறு ஆஸ்டின் ஓலையை ஆயர் கடைசி நேரத்துல பேனாவால மேல எழுதிச் சேர்த்துட்டாரு. நான் கேட்டு வச்ச மனப்பாடத்துல அது இல்ல. தடவித் தடவி ‘ஆஸ்டின்’னு ஒரு வார்த்தை பிடிச்சேன். அதுக்கு அப்புறம் ஸ்நேகா பேரு வர வேண்டிய இடத்துல வாய் தானா பழைய தண்டவாளத்துல ஜோவிதா பேருக்கு ஓடிடுச்சு.

பியூலா: டாக்டர்கிட்ட போனீங்களா?

தனசிங்: ஈ.பி. ஆபீசுக்குப் போறேன்னு ஒரு நாள் போனேன் இல்ல. அது கண் ஆஸ்பத்திரி. கண்ணுல ஊசி போடணுமாம். போட்டா இதுக்கு மேல போகாம பிடிச்சு வைக்கலாமாம். தள்ளிப்போடாதீங்கன்னாரு. கல்யாணம் முடியட்டும்னு நான்தான்... நீ பயந்துடுவ. செயலாளர் வேலையை எடுத்துடுவாங்க. ஸ்கூட்டருக்குப் பூட்டு போடுவ.

பியூலா: ...

தனசிங்: கோபமா? ஏதாவது திட்டு. நீ சும்மா இருந்தா எனக்கு முகமும் தெரியாம, குரலும் கேக்காம ஒரு மாதிரி இருக்கு. ஆயர்கிட்ட வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிடு. ஆனா ஜெஃப்ரிகிட்ட மட்டும் இதைச் சொல்லாத. பாவம், அப்பா கிரிக்கெட் பார்ப்பாருன்னு ஆசையா வாங்கி அனுப்பியிருக்கான்.

பியூலா: அவன் எங்க அனுப்பினான். நான்தான் கடைக்குப் போய், எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு மங்குது, அவருக்குத் தெரியாம அவருக்குப் பெரிசா காட்டற மாதிரி ஒண்ணு குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன். பட்டு அக்காவை நீங்க பியூலான்னு கூப்பிட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். என் கண்ணாடி உடையல, பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. மஞ்சப் பெயிண்ட் கல்யாணத்துக்கு அடிச்சது இல்ல. எனக்கு முதுகு வலியும் கிடையாது, ஒரு நாளும் இருந்ததும் கிடையாது. ஈ.பி. ஆபீசுக்குப் போன மனுஷன் சொட்டு மருந்தோட கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்தப்பவே கேட்டிருப்பேன். நீங்களா வாய் திறந்து சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை எரிச்சலும். திங்கட்கிழமை ஊசிக்கு நானும் வரேன். ஆயருக்கு மத்தியானமே சொல்லியாச்சு, நீங்கதான் வாசிக்கறீங்க. இப்ப எழுந்து நில்லுங்க, அணையாத மாதிரி மாத்தி வச்சிருக்கேன். எழுத்தை நேரா பார்க்காதீங்க, அதுக்குப் பக்கத்துல பாருங்க, எழுத்து ஓரமா வந்து நிக்கும். ஆட்சேபணை இருக்கான்னு கேக்கறப்ப தலையை நிமித்துங்க. முதல் வரிசையில உக்காந்திருப்பேன், என் காதைப் பாருங்க... முகம் தெரியும்.